ஆபீசில் நான்கு தொட்டி வைத்தோம், எல்லாம் ஒரே கறுப்புக் கவரில்தான் போகிறது. உருப்படியாகச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

புதாற்றங்கரை (தஞ்சாவூர்)

வணக்கம். எங்களுடையது அறுபது பேர் வேலை பார்க்கிற தனியார் அலுவலகம். பெயர் வேண்டாம். நான் கணக்குப் பிரிவு. ஒரு கூட்டத்தில் வாயைத் திறந்து பிளாஸ்டிக்கைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியதற்கு என்னையே பசுமைக் குழுவுக்குத் தலைவராக்கிவிட்டார்கள். குழுவில் மொத்தம் மூன்று பேர், அதில் ஒருவர் திருச்சிக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

ஜனவரியில் நான்கு நிறத்தில் தொட்டி வாங்கினோம். மக்கும் குப்பை, காகிதம், பிளாஸ்டிக், இதர. வாசலில் 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று ஆறடிக்கு நாலடியில் ஒரு பேனரும் வைத்தார்கள், ஃப்ளெக்சில். அதைச் சொன்னால் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

முதல் வாரம் பிரமாதம். இரண்டாவது வாரம் யாரோ பாதி டீயோடு கப்பைக் காகிதத் தொட்டியில் போட, பேப்பரெல்லாம் ஊறி நாறிவிட்டது. மூன்று மாதத்துக்குள் நான்கு தொட்டியிலும் எல்லாம் கிடந்தது. சாயங்காலம் பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் நான்கையும் ஒரே கறுப்புக் கவரில் கொட்டிக் கட்டுகிறார்கள். கேட்டால், "எல்லாத்துலயும் ஒண்ணுதானே சார் கெடக்கு" என்கிறார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

போன புதன்கிழமை கையுறை மாட்டிக்கொண்டு ஒரு நாள் குப்பையை எண்ணிப் பார்த்தேன். பேப்பர் கப் 131. சாம்பார், சட்னி, ரசம் கட்டிவந்த கவர் 48. தண்ணீர் பாட்டில் 17. பிரியாணி வந்த கறுப்பு டப்பா 11. கூரியர் கவர் 9. சிப்ஸ், பிஸ்கட் உறை எண்ணி முடியவில்லை, மேலாளர் வந்துவிட்டார்.

இதை மறுசுழற்சிக்கு அனுப்ப என்ன வழி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், வழி வேண்டும்.


சும்மா கேட்கிறேன் (மன்னார்குடி)

சார், முதலில் ஒரு கேள்வி. அந்த 131 கப்பே இருக்கக்கூடாதே? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருளுக்குத் தடை. அதில் பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் உண்டு. உறிஞ்சுகுழல், தெர்மாகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட், சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாள், எல்லா அளவிலும் கேரி பேக், எல்லாம் அந்தப் பட்டியலில். கப் தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் அங்கேயும் கப்புக்கான தடை செல்லும் என்றுதான் தீர்ப்பு.

தடை செய்த பொருளைத் தினமும் 131 வாங்கிவிட்டு அதை எந்தத் தொட்டியில் போடுவது என்று கேட்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், சும்மாதான் கேட்கிறேன்.


புதாற்றங்கரை (தஞ்சாவூர்)

கோபம் இல்லை. பேப்பர் கப் பேப்பர்தானே என்று ஆபீசில் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் ஜனவரி வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால்தான் காகிதத் தொட்டியில் விழுந்தது.


மூட்டைக்கட்டு (கும்பகோணம்)

தம்பி, இருபத்திரண்டு வருடமாகக் காயலான் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் எண்ணியதை என் கடை வாசலில் கொட்டியதாக நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

தண்ணீர் பாட்டில் 17: எடுத்துக்கொள்வேன். நாங்கள் 'பெட்' என்போம். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும். நசுக்கிப் பேல் கட்டி மேலே அனுப்பினால், அங்கே கழுவித் துண்டாக்கி பாலியஸ்டர் நூல் வரை போகிறது. மூடியைக் கழற்றித் தூரப் போடாதீர்கள். மூடி வேறு சாதி பிளாஸ்டிக், ஆனாலும் விலை உண்டு. துண்டாக்கித் தண்ணீரில் போட்டால் பாட்டில் துண்டு அடியில் போகும், மூடித் துண்டு மிதக்கும், அங்கேயே பிரிந்துவிடும். எங்களுக்கு எமன் பிவிசி என்கிற இன்னொரு சாதி பிளாஸ்டிக். அதுவும் பாட்டில் மாதிரியே தண்ணீரில் மூழ்கும், கண்ணுக்கும் தெரியாது. கொஞ்சம் கலந்து உருகினாலும் முழுச் சரக்கும் பழுப்பாகிக் கெட்டுப்போகும். உங்கள் ஃப்ளெக்ஸ் பேனர் பிவிசிதான், அதைக் கிழித்து இந்த மூட்டையில் திணித்துவிடாதீர்கள்.

கறுப்பு டப்பா: 5 என்று போட்டிருந்தால் பி.பி., அதாவது பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். கழுவியிருந்தால் எடுப்பேன். எண்ணெயும் எலும்புமாக வந்தால் எலிதான் எடுக்கும்.

கூரியர் கவர்: எடுப்பேன், ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால் கொஞ்சம் கூட விலை.

சாம்பார் கவர்: மாட்டேன். சரக்கில் குற்றமில்லை, கவர் தனியாக வந்தால் அதுவும் பிளாஸ்டிக்தான். ஆனால் ஒரு கவர் எடை ஒன்றிரண்டு கிராம், அதில் ஒட்டியிருக்கிற சாம்பார் அதைவிடக் கனம். கிலோ சேர்க்க எத்தனை நாள் ஆகும், அத்தனை நாளும் அந்த நாற்றத்தோடு எந்தப் பிள்ளை உட்கார்ந்து பிரிக்கும்?

சிப்ஸ் உறை: மாட்டேன். வெள்ளியாகப் பளபளக்கிறதே, அது இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிய சரக்கு, பிரிக்க முடியாது. சிமெண்ட் சூளையில் எரிக்கலாம், தார்ச்சாலையில் கலக்கலாம். கொள்ளிடம் தாண்டினால் அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் உங்கள் ஆபீசின் அரைக் கிலோவைத் தூக்கிக்கொண்டு அங்கே யார் போவது?

பேப்பர் கப்: சத்தியமாக மாட்டேன். பேப்பர்க்காரனும் எடுக்கமாட்டான், பிளாஸ்டிக்காரனும் எடுக்கமாட்டான். இரண்டு வீட்டுக்கும் ஆகாத மாப்பிள்ளை.

ஆக, 131-ஐயும் 48-ஐயும் மறுசுழற்சி செய்ய வழி கேட்டால் என்னிடம் இல்லை. பாட்டில், டப்பா, கூரியர் கவர், இந்த மூன்றுக்கும் ஒரு சாக்கு போதும். நான்கு தொட்டி எதற்கு?

அப்புறம் இன்னொன்று. தொட்டி வைப்பதற்கு முன்னால் அந்தப் பாட்டிலை யார் எடுத்துக்கொண்டிருந்தார்கள்? அதை விசாரித்தீர்களா?


புதாற்றங்கரை (தஞ்சாவூர்)

இல்லை அண்ணே. குப்பையோடு போயிருக்கும் என்று நினைத்தேன். நாளைக்குக் கேட்கிறேன்.


ராத்திரி டூட்டி (திருவாரூர்)

நான் செவிலியர். எங்களுக்கும் நிறத் தொட்டிதான், ஆனால் 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகள்படி. ஐவி செட், கத்தீட்டர், சிரிஞ்ச் உடம்பு மாதிரியான பிளாஸ்டிக் எல்லாம் சிவப்புப் பையில். அது கிருமி நீக்கம் செய்து துண்டாக்கப்பட்ட பிறகு மறுசுழற்சிக்குப் போகும். மஞ்சளில் போட வேண்டியதைச் சிவப்பில் போட்டால் அன்றைக்கே கேள்வி வரும்.

அங்கே நடப்பது ஏன் உங்கள் ஆபீசில் நடக்கவில்லை என்று யோசித்தேன். எங்களுக்குத் தொட்டி தாழ்வாரத்தில் இல்லை, ஊசி போடுகிற இடத்திலேயே கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. கையில் பொருள் இருக்கும்போதே பிரித்தாக வேண்டும். பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று ஒன்று கிடையாது. உங்கள் நான்கு தொட்டியும் லிஃப்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கிறதா? பந்தயம் கட்டுகிறேன்.

ஒரு வேடிக்கை. வார்டில் இத்தனை கறாராக இருக்கிற நாங்களே ஓய்வறையில் டீ குடித்துவிட்டுக் கப்பை எங்கே போடுகிறோம் என்று கேட்காதீர்கள். அதுவும் 2020-ல் காரக்பூர் ஐஐடியில் சோதித்துப் பார்த்தார்கள். 100 மில்லி சூடான நீர் பேப்பர் கப்பில் கால் மணி நேரம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள் அதில் இறங்குகிறதாம். அதைப் படித்த அன்றைக்கு மட்டும் எல்லாரும் டம்ளர் கொண்டுவந்தார்கள். மறுநாள் டம்ளர் கழுவ யாரும் இல்லை.


புதாற்றங்கரை (தஞ்சாவூர்)

லிஃப்டுக்குப் பக்கத்தில்தான். பந்தயத்தில் தோற்றுவிட்டேன்.


டீ மாஸ்டர் மகன் (பாபநாசம்)

எல்லாரும் கப்பைத் திட்டுகிறீர்கள், கடைக்காரன் பக்கமும் கேளுங்கள் அண்ணே.

அப்பா காலத்தில் கண்ணாடி கிளாஸ்தான். கிளாஸ் கழுவ என்றே ஒரு பையன் நிற்பான், வெந்நீர் அண்டா தனியாகக் கொதிக்கும். கொரோனாவுக்குப் பிறகு "பேப்பர் கப்ல குடுங்க" என்று வாடிக்கையாளர்களே கேட்க ஆரம்பித்தார்கள். பிறகு கழுவுகிற வேலைக்கு ஆள் வரவில்லை. ஆள் கூலியை விட கப் செலவு குறைவு, அதுதான் உண்மை. ஆபீஸ்களுக்கு ஃபிளாஸ்கில் டீ அனுப்பும்போது கப்பும் சேர்த்துத்தான் விலை பேசுவோம்.

எங்களிடம் டீ வாங்கும் ஒரு வங்கிக் கிளையில் "கப் வேண்டாம், டம்ளர் எங்களிடம் இருக்கிறது, கப் காசைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். குறைத்துக்கொண்டேன். எனக்கும் லாபம்தான், கப் கட்டு வாங்கி வைக்கிற வேலை மிச்சம். இரண்டு வருடமாக ஓடுகிறது. அங்கே ஒவ்வொருவர் டம்ளரிலும் பெயர் வெட்டியிருக்கும்.


கடைமடை (திருத்துறைப்பூண்டிப் பக்கம்)

ஆபீசில் போடுகிற குப்பை எங்கே போகிறது என்று கேட்டால் எங்கள் வயலுக்கு என்பேன்.

ஜூன் 12 நெருங்குகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்களுக்கு வந்துசேர நாளாகும். முதல் தண்ணீர் வரும்போது தண்ணீருக்கு முன்னால் குப்பை வரும். பாட்டில், தெர்மாகோல், கவர், எல்லாம் ஆகாயத்தாமரையோடு பின்னிக்கொண்டு பாய் மாதிரி மதகில் வந்து படுக்கும். பெரிய மதகில் பொக்லைன் வைத்து எடுத்துவிடுகிறார்கள். எங்கள் கன்னி வாய்க்காலில் யார் எடுப்பது? நானும் பக்கத்து வயல்காரரும்தான். போன வருடம் வயலுக்குத் தண்ணீர் பாய்கிற குழாய்க்குள் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று நெடுக்காகப் போய்ச் சிக்கிக்கொண்டது. மூங்கில் கழியை விட்டுக் குத்தி எடுக்க அரை நாள். என் முறைத் தண்ணீரில் பாதி அப்படியே போய்விட்டது.

எங்களைத் தாண்டியது கோரையாறு, பாமணியாறு வழியாக முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போகிறது. அங்கே மரத்தின் மூச்சுவேரில் கவர் மாட்டிக்கொண்டிருப்பதைப் படகில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

ஃப்ளெக்ஸ் பேனரைச் சொன்னீர்களே, அது வேண்டாமென்றால் எனக்குக் கொடுங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்துக் காத்திருக்கும்போது மழை வந்தால் மூட அதைப் போல ஒன்று கிடையாது. கட்சிக்காரர், கல்யாணக்காரர், காதுகுத்துக்காரர் எல்லாரும் எங்கள் நெல்லைக் காத்திருக்கிறார்கள்.


பழைய லஸ்கர் (வல்லம்)

கடைமடை சொல்வது சரி. பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் ஷட்டர் திருகியவன் நான். தஞ்சாவூர் ஊருக்குள் ஓடுகிற புதாறு, அதாவது கல்லணைக் கால்வாய், 1934-ல் மேட்டூர் அணைத் திட்டத்தோடு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஷட்டரில் சிக்குவது வாழைமட்டை, செத்தை, எப்போதாவது ஆடு. ஓய்வு பெறும்போது ஷட்டர் காடியில் பாட்டில் இறுகி உட்கார்ந்து பலகை முழுக்க இறங்காது. மூடிவிட்டேன் என்று எழுதியிருப்போம், தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும்.

புதாற்றங்கரை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் தம்பி, பாலத்தில் நின்று ஒருநாள் பாருங்கள்.


சும்மா கேட்கிறேன் (மன்னார்குடி)

ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம். தயாரிக்கிறவனை விட்டுவிட்டு டீ குடிக்கிறவனையே பிடிக்கிறோம். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கிற நிறுவனமே அந்த உறையைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யப் பொறுப்பு. சிப்ஸ் உறைக்கும் சேர்த்துத்தான். அந்த உறையைத் தேடி உங்கள் ஆபீசுக்கு யாராவது வந்தார்களா?

மஞ்சப்பை கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' தொடங்கியதிலிருந்து என் வீட்டில் மட்டும் பதினோரு மஞ்சப்பை இருக்கிறது. கடைக்குப் போகும்போது ஒன்றும் கையில் இருப்பதில்லை என்பது வேறு கதை.


மூட்டைக்கட்டு (கும்பகோணம்)

பச்சையாக, 'மக்கும் பை' என்று அச்சடித்து வருகிறதே, அதையும் என் சாக்கில் போடாதீர்கள். தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக் மாதிரியே இருக்கும், கலந்தால் சரக்கைக் கெடுக்கும். அது மக்குவதற்கும் சூடும் ஈரமும் சரியாக உள்ள உரக்கிடங்கு வேண்டும், வாய்க்காலில் கிடந்தால் அதுவும் கவர்தான்.

தம்பி, கேட்டீர்களா?


புதாற்றங்கரை (தஞ்சாவூர்)

கேட்டேன். இதை எழுதவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் மாடியைப் பெருக்குகிற அக்காதான் முன்பு பாட்டில், அட்டைப்பெட்டி, பழைய பேப்பர் எல்லாவற்றையும் மாடிப்படிக்குக் கீழே ஒரு சாக்கில் சேர்த்து வைத்திருந்திருக்கிறார். மாதம் ஒரு முறை கடையில் போடுவார். பேத்தியின் வேன் கட்டணத்துக்கு அதுதான் பணமாம். ஜனவரியில் நாங்கள் தொட்டி வைத்து, "பிளாஸ்டிக்கை யாரும் தொடக்கூடாது, மறுசுழற்சிக்குப் போகிறது" என்று அறிவிப்பு ஒட்டியதும் பயந்து நிறுத்திவிட்டார். அந்த அறிவிப்பை எழுதியது நான்.

அதாவது, ஜனவரிக்கு முன்பு எங்கள் ஆபீசில் மறுசுழற்சி ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. பசுமைக் குழு வந்துதான் அதை நிறுத்தியிருக்கிறது.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" என்றேன். "நீங்க ஃபோட்டோல்லாம் எடுத்தீங்களே தம்பி, கம்பெனி விஷயமாக்கும்னு இருந்துட்டேன்" என்றார்.


ராத்திரி டூட்டி (திருவாரூர்)

சாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் தம்பி. ஆனால் ஒன்று, டம்ளர் கொண்டுவந்தால் அதையும் அந்த அக்கா தலையில் கட்டிவிடாதீர்கள். அறுபது டம்ளர், இரண்டு வேளை, அதே சம்பளத்துக்கு என்றால் அவர் பேப்பர் கப்புக்குத்தான் ஓட்டுப் போடுவார். எங்கள் வார்டில் நடந்தது அதுதான்.


பழைய லஸ்கர் (வல்லம்)

பெயர் வெட்டிய டம்ளரை அவரவர் கழுவட்டும். கல்யாணத்துக்குக் கொடுக்கிற பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எதற்கு? தொலைந்தால் கண்டுபிடிக்க மட்டுமா, நம்முடையது என்றால்தான் துலக்கி வைப்போம்.


மூட்டைக்கட்டு (கும்பகோணம்)

எங்கள் ஊருக்கு வாருங்கள், பாத்திரக் கடையில் வாங்கினால் அங்கேயே வெட்டிக் கொடுப்பார்கள். டவராவும் சேர்த்து வாங்கிவிடுங்கள். டிகிரி காபி ஊரில் இருந்துகொண்டு டவரா இல்லாமல் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை.


புதாற்றங்கரை (தஞ்சாவூர்)

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஆடிட் வந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். நான்கு தொட்டியில் இரண்டை மாடிக்கு அனுப்பிவிட்டோம், அதில் யாரோ துளசி வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு அறையிலேயே, கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கழிவுக்கு ஒரு வாளியும், மற்றதுக்கு ஒரு தொட்டியும். அக்காவின் சாக்கு மாடிப்படிக்குக் கீழே பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அதன் பணம் அவருக்கே என்று மேலாளரிடம் எழுதி வாங்கிவிட்டேன். கணக்குப் பிரிவில் இருப்பதால் இதையாவது ஒழுங்காகச் செய்தேன்.

டம்ளர் 60 வாங்கினோம், டவரா இல்லை, மன்னிக்கவும் அண்ணே. டீ கடைக்காரர் கப் காசைக் குறைத்துக்கொண்டார், நாலைந்து மாதத்தில் டம்ளர் காசு தேறிவிடும். பெயர் வெட்டியதில் ஒரு சிக்கல். ஆபீசில் கார்த்திக் மூன்று பேர். முதல் நாளே சண்டை. இப்போது க1, க2, க3. மார்க்கெட்டிங்கில் இரண்டு பேர் கழுவாமல் காய்ந்த டம்ளரிலேயே மறுநாள் டீ வாங்குகிறார்கள். அது அவர்கள் பாடு.

நேற்று மறுபடி எண்ணினேன். கப் 19, எல்லாம் வருகிறவர்களுக்குக் கொடுத்தது. "வெளியாளுக்கு சில்வர் டம்ளரில் கொடுத்தால் மரியாதையாக இருக்காது" என்கிறார் மேலாளர். என் தாத்தா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். பாட்டில் 8, சாக்கில். சிப்ஸ் உறை அப்படியே இருக்கிறது, அதற்கு என்னிடம் வழி இல்லை.

சாம்பார் கவர் 44. அசையவே இல்லை. நானும் இன்னும் மூன்று பேரும் மட்டும் மெஸ்ஸுக்குத் தூக்கு கொண்டுபோகிறோம்.


டீ மாஸ்டர் மகன் (பாபநாசம்)

தூக்கில் வாங்கினால் ஒரு கரண்டி கூடத்தான் விழும் அண்ணே. கவர் என்றால் கட்டுகிற அளவுக்குத்தான் ஊற்ற முடியும், தூக்கில் ஊற்றும்போது கை தானாக நிறைத்துவிடும். அதை மட்டும் ஆபீசில் பரப்பிவிடுங்கள், சுற்றுச்சூழலைப் பற்றி எதுவும் பேசாதீர்கள்.


கடைமடை (திருத்துறைப்பூண்டிப் பக்கம்)

தண்ணீர் இன்னும் எங்களுக்கு வரவில்லை. பேனர் என்ன ஆயிற்று?


புதாற்றங்கரை (தஞ்சாவூர்)

மடித்து வைத்திருக்கிறேன் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடி வழியாக வருகிறேன், எங்கே கொடுக்க வேண்டும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.